தோல் தொழில் மென்பொருள் (வாணியம்பாடி வட்டாரம்)

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளிலும் (டேனரிகளிலும்) காலணி ஆலைகளிலும் கொள்முதல், உற்பத்தி, இருப்பு, ஏற்றுமதி, கழிவுநீர் ஆகியவற்றின் கணக்குகளைக் கையாளும் செயலிகள், தரவுத்தளங்கள், இணையதளங்கள் ஆகியவற்றை வடிவமைக்கும் பணி. மளிகைக்கும் ஜவுளிக்கும் எழுதிய மென்பொருள் இங்கே பாதி வேலையைத்தான் செய்யும். வாங்கும்போது ஓர் அளவையிலும் விற்கும்போது வேறோர் அளவையிலும் கணக்காகிற சரக்கு தோல்.

பின்னணி

வணிகக் கணக்குக்குக் கணினியைப் பயன்படுத்தும் வழக்கம் 1951இல் லண்டனில் தொடங்கியது. தேநீர்க் கடைகளும் ரொட்டி ஆலைகளும் நடத்திய லயன்ஸ் நிறுவனம் தானே கட்டிய லியோ என்ற கணினியில் ரொட்டி ஆலையின் சரக்கு மதிப்பைக் கணக்கிட்டது. தரவை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான மதிப்புகளால் அவற்றை இணைக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். இன்றைய வணிகத் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அந்த அடித்தளத்தில் நிற்பவை. இந்தியாவில் 1984இன் கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்திய பிறகே சிறு நிறுவனங்களின் மேசைக்குக் கணினி வந்தது. டிபேஸ், ஃபாக்ஸ்புரோ மொழிகளில் உள்ளூர் இளைஞர்கள் எழுதிக்கொடுத்த நிரல்கள் ஒருபுறம். 1986இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருளான டேலி மறுபுறம்.

தோல் தொழிலுக்கு அதற்குச் சற்று முன்பே ஒரு திருப்பம் நேர்ந்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட நாட்டுத் தோலை எடைக்கு விற்ற காலத்தில் கணக்கு எளிது. தராசு சொன்னதே பில்லில் ஏறியது. அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1970களின் தொடக்கத்தில் கச்சாத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அரைப்பதத் தோல் ஏற்றுமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆலைகள் முழுப்பதத் தோலுக்கும் பின்னர் ஷூ அப்பருக்கும் நகர்ந்தன. விற்பனை சதுர அடிக்கு மாறியது. இவ்வட்டாரத்தில் மென்பொருளின் தேவை பிறந்தது இந்த மாற்றத்தில்தான்.

மூன்று அளவைகள்

உப்புத் தோல் லாரியிலிருந்து இறங்கும்போது எண்ணிக்கையில் கணக்கு. ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, சதை நீக்கியபின் எடை பார்க்கப்படும். டிரம்மில் போடும் மருந்தெல்லாம் அந்த எடைக்கு இத்தனை விழுக்காடு என்ற கணக்கு. குரோம் உப்பு பெரும்பாலும் 8 விழுக்காடு. குரோம் ஏறி, ஈரமாக, நீலநிறத்தில், அதாவது வெட் புளூவாக வெளிவந்த தோலைப் பிழிந்து ஷேவிங் செய்தபின் மறுபடி எடை. மறுபதனிடல், சாயம், எண்ணெய் மூன்றும் இந்தப் புதிய எடைக்கே. காய்ந்து கிரஸ்ட் (மேற்பூச்சு இடாத தோல்) ஆனதும் எடையை யாரும் கேட்பதில்லை. அளவு இயந்திரத்தில் ஓட்டி, ஒவ்வொரு தோலின் சதைப்புறத்திலும் பரப்பை முத்திரையிடுவார்கள்.

ஆகவே இருப்பு அட்டவணையில் 'அளவு' என்று ஒரே ஒரு கட்டம் வைத்துவிட்டு, பக்கத்தில் அலகை எழுதிக்கொள்ளும் பொது மென்பொருள் இங்கே முதல் வாரத்திலேயே தடுமாறும். எண்ணிக்கை, எடை, பரப்பு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். எண்ணிக்கை உற்பத்தியின் எல்லா நிலைகளிலும் தொடர்ந்து வர வேண்டும்; திருட்டையும் தவறையும் காட்டிக்கொடுப்பது அதுதான். தடித்த மாட்டுத்தோலை இரண்டாகப் பிளக்கும்போது மட்டும் ஒன்று இரண்டாகும்: மேல்தோல் ஒரு சரக்கு, அடித்தோல் வேறொரு சரக்கு. பரப்போ நிலையாக நிற்காது. ஈரப்பதத்துக்குச் சுருங்கும், சட்டத்தில் இழுத்துக் கட்டினால் கூடும். கிரஸ்ட் அடியும் ஃபினிஷ்டு அடியும் சமமாக வேண்டும் என்று விதி எழுதிய நிரல், மேற்பார்வையாளரைப் பொய் எண் போட வைக்கும். வித்தியாசத்தைப் பதிவு செய்ய இடம் கொடுப்பதே நேர்மையான வடிவமைப்பு.

ஐரோப்பிய வாடிக்கையாளர் சதுர மீட்டரில் கேட்பார். 4.5 சதுர அடித் தோல் 1,000 இருந்தால் மொத்தம் 4,500 சதுர அடி, அதாவது 418.06 சதுர மீட்டர். ஒவ்வொரு தோலையும் தனியே மாற்றி இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் தலைக்கு 0.42 ஆகி, மொத்தம் 420 என்று வரும். வித்தியாசம் ஏறத்தாழ 21 சதுர அடி. பேக்கிங் லிஸ்ட் ஒரு வழியிலும் இன்வாய்ஸ் மறுவழியிலும் கணக்கிட்டால் இரண்டு ஆவணமும் முரண்படும். சேமிப்பது அளந்த அலகில். மாற்றுவது மொத்தத்தில், கடைசியில், ஒரே முறை.

லாட்டின் வம்சாவளி

ஒரே டிரம்மில் ஒரே நாளில் ஓடிய தோல்கள் ஒரு லாட். கிரஸ்ட் மேசையில் செலக்‌ஷன் பார்ப்பவர் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் புரட்டி, கீறலையும் உண்ணிக் கடியையும் பார்த்துத் தரம் பிரிக்கிறார். அங்கே ஒரு லாட் நான்கைந்தாக உடைகிறது. பல லாட்டுகளின் ஒரே தரம் ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஆர்டராகிறது. 'லாட் எண்' என்று ஒரு கட்டம் மட்டும் வைத்திருந்தால் முதல் சேர்க்கையிலேயே பழைய வரலாறு அழிந்துபோகும். எந்த லாட்டிலிருந்து எந்த லாட்டுக்கு எத்தனை தோல், எத்தனை அடி போயிற்று என்று தனி அட்டவணை வேண்டும். சாயம் உரிகிறது என்று சில மாதம் கழித்துப் புகார் வரும்போது எந்த டிரம், எந்த ரெசிபி என்று சொல்ல அதைவிட்டால் வேறு வழியில்லை.

பெரிய ஆயத்த மென்பொருளை வாங்கி, ஆலையின் பழக்கத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. நடுத்தர டேனரிக்கு அது பொருந்துவதில்லை. பேரேட்டை டேலியிலும் லாட்டைத் தனிச் செயலியிலும் வைத்து, இரண்டையும் இணைப்பதே இவ்வட்டாரத்துக்கு ஏற்ற முறை.

ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலி வேலைக்கு, வெளியே போன தோல் இன்னும் உரிமையாளரின் இருப்புதான். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி அது ஓராண்டுக்குள் திரும்பவோ, அங்கிருந்தே விற்பனையாகிப் போகவோ வேண்டும். எனவே தோலோடு போகும் ஒவ்வொரு சலானுக்கும் நாள் எண்ணும் வசதி கட்டாயம்.

முதன்மைப் பட்டியல்கள்

முகம்மது என்ற பெயர் ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்களில் எழுதப்படும் ஊர்கள் இவை. பெயரை வைத்துத் தேடினால் ஒரே வியாபாரிக்கு மூன்று கணக்குகள் கிடைக்கும். தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணே நம்பத்தக்க அடையாளம். முகவரியிலும் காலம் உண்டு: வாணியம்பாடி 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது, பழைய பில்லை மறுபடி அச்சிட்டால் வேலூர் என்றே வர வேண்டும். வரி விகிதமும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 அன்று முழுப்பதத் தோலின் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. விகிதத்தைத் தேதியோடு அட்டவணையில் வைத்தவர்களுக்கு அது ஒரு வரி வேலை. நிரலுக்குள் எழுதியவர்களுக்கு இரவுப் பணி.

கழிவுநீர்த் தரவு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பாலாற்றைக் கெடுத்த டேனரிகளை இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கியது. பிறகு நீர்க் கணக்கும் ஆலைக் கணக்கின் பகுதியாயிற்று. ஒரு டன் கச்சாத் தோலுக்கு 28 கனமீட்டர் கழிவுநீர் என்பது மத்திய விதியின் வரம்பு. தோலின் எடை ஒரு செயலியிலும் மீட்டர் எண் வேறொரு நோட்டிலும் கிடந்தால் இந்த விகிதத்தை யாராலும் பார்க்க முடியாது. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. டேனரிகளும் அதில் அடங்கும்.

இன்றைய நிலை

ஆலைகளின் இணையதளங்கள் பெரும்பாலும் படத்தொகுப்புகளாகவே உள்ளன; நிறத்தைத் திரை காட்டாது என்பதால் மாதிரித் துண்டு இன்றும் கூரியரில்தான் போகிறது. 2005இல் தொடங்கிய லெதர் ஒர்க்கிங் குரூப் அமைப்பின் தணிக்கை, தோல் வந்த வழியைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறை மாட்டுத்தோலையும் பட்டியலில் சேர்த்து, மாடு வளர்ந்த நிலத்தின் இருப்பிடத்தைக் கேட்டது. அதன் நடைமுறைத் தேதி பின்னர் தள்ளிவைக்கப்பட்டது.