திரையில் சம்பாதிக்கும் பெண்

கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் 1939ஆம் ஆண்டில் இயக்கிய ‘தியாக பூமி’யில் ஒரு நீதிமன்றக் காட்சி உண்டு. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி இப்போது பெருஞ்செல்வி. அவளைத் தன்னோடு வாழ அனுப்பும்படி அதே கணவன் வழக்குத் தொடுக்கிறான். அவள் மறுக்கிறாள், வேண்டுமாயின் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகவும் சொல்லிவிடுகிறாள். எஸ். டி. சுப்புலட்சுமி ஏற்ற அப்பாத்திரம், அதன் பின் விடுதலைப் போரில் இறங்குகிறது. படத்தைப் பிற்பாடு தடைசெய்த ஆங்கில அரசுக்கு அஞ்சத் தோன்றியது அதன் தேசியப் பற்றுத்தான். ஜீவனாம்சத்தை அது பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை!

தமிழ்த் திரை அங்கிருந்து முன்னேறியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது வேறு. ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) படித்த நகரப் பெண்ணைக் கிராமத்துக் கணவனிடம் அடங்கச் செய்து மகிழ்ந்தது. கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) பரிவு மிக்க படம், ஐயமில்லை. ஆயினும் சுஜாதா நடித்த கவிதாவின் ஊதியம் குடும்பத்துக்கு உரியது, அவளுக்கு உரியதன்று. திருமணத்தையும் விட்டுக்கொடுத்து அவள் மீண்டும் வேலைக்கே திரும்புகிறாள். அப்பெண்ணின் சினத்தைச் சினமாகவே காட்டத் துணிந்தவர் ருத்ரையா. ‘அவள் அப்படித்தான்’ (1978) படத்தில் ஸ்ரீபிரியாவின் மஞ்சு விளம்பர நிறுவனத்தில் பணிபுரிபவள். எவருக்கும் இனியவளாக இருக்க முயலாதவள். இறுதியில் அவளைச் சாலையில் இறக்கிவிட்டுக் கார் போய்விடுகிறது. அவளைத் திருத்தவோ தண்டிக்கவோ இயக்குநர் முற்படவில்லை. அதற்காகவே அப்படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1960களில் ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்த பின், பெண்கள் வேலைக்குச் செல்வது எங்கள் சேக்காட்டுப் பக்கத்தில் புதுமையன்று. அத்தகைய ஊரில் வாழ்பவனாதலால், ‘மன்னன்’ (1992) என்னைச் சற்று வருத்திற்று. தொழிற்சாலையை நடத்தும் சாந்திதேவியாக விஜயசாந்தி; அவளை மணக்கும் தொழிலாளியாக ரஜினிகாந்த். ஆணவம் பிடித்த முதலாளி திருந்தவேண்டியதுதான். ஆனால் திருத்தம் என்பது அவள் வீட்டில் தங்க, கணவன் வேலைக்குப் புறப்படுவதாக முடிகிறது. ஆணவம் அவளுடைய செல்வத்தில் இருந்ததா, அவள் பெண்ணாயிருந்ததிலா என்று கதை பிரித்துப் பார்க்கவேயில்லை. ஆணவக்கார ஆண் முதலாளிகள் நம் படங்களில் எத்தனையோ பேர்! மனம் திருந்திய பின் அவர்களுள் எவரும் அடுக்களைக்கு அனுப்பப்படவில்லை.

அன்று கொட்டகையில் எழுந்த கைதட்டலில் பெண்களின் கைகளும் இருந்தன. அவர்களுட் சிலரை மறுநாள் காலையில் பார்த்தேன்; சோற்றுத் தூக்குடன் ரயிலுக்கு விரைந்துகொண்டிருந்தார்கள்.