கொல்லைப்புறத்தில் ஒரு ஸ்டுடியோ

தி.நகரை ஒட்டிய கோடம்பாக்கத்தில், 1989-ல், ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். அதற்கு முன் சினிமாப் பாட்டென்றால் பெரும்பாலும் பெரிய ஸ்டுடியோ, வாத்தியக்காரர் கூட்டம். 1992-ல் 'ரோஜா' வந்ததும் வித்தியாசம் எல்லோர் காதுக்கும் எட்டியது.

இத்தகைய வீட்டுக் கூடங்களுக்கு வழிவிட்டது 1983-ல் வந்த 'மிடி'. கீபோர்டில் எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி வாசித்தார்கள் என்ற குறிப்பு மட்டுமே கம்ப்யூட்டருக்குப் போகும், ஒலி போகாது. அன்றைய சின்ன மெமரிக்கு அதுவே தாங்கும்.

ஆனால் குரலையும் வீணையையும் ஒலியாகவே பிடிக்க வேண்டும். சி.டி. தரத்துக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள்! 2000-ல் 'ஆடாசிட்டி' இலவசமாக வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்குத் துணிச்சல் வந்தது.

புதிதாகத் தொடங்குபவருக்கு இன்றும் ஆடாசிட்டி, ஒரு மைக், ஒரு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸ் 48 வோல்ட் தர வேண்டும். அது நுட்பமாகக் கேட்கும், மயிலாப்பூர் மாடவீதி ஆட்டோ ஹாரனையும் சேர்த்து! நம் தெருக்களுக்கு டைனமிக் மைக்கே உத்தமம். வாய்க்கு அருகில் வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். சுருதிப்பெட்டியை ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். பிறகு தனி டிராக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.