தீப்பிடிக்காத வீடு

ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாள். தீத்தொண்டு வாரம் தொடங்குவதும் அன்றுதான். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம். நாம் நீலக்கொடியோடு காந்திபுரத்தைக் கடக்கும் அதே நாட்களில், தீயணைப்புத் துறையினர் பேருந்து நிலையங்களிலும் பள்ளிகளிலும் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வாங்கிப் படியுங்கள் தோழர்களே. அடுப்பை சிலிண்டரைவிட உயரத்தில் வையுங்கள். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறந்துவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதாவது பாயில் படுத்திருக்கும் நம் பிள்ளைகளின் மூக்குக்கு நேராக. சமைக்கிற அறையிலேயே தூங்குகிற குடும்பங்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

ஆனால் அந்தத் துண்டறிக்கை பேசுவதெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து, நம் கவனக்குறைவால் வரும் தீயைப் பற்றித்தான். நம் வரலாற்றில் வேறொரு தீ இருக்கிறது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி அணியக்கூடாது. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டுமே புழங்கவேண்டும். மீறியபோது குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடு கொள்ளை போனது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அடுப்படியில் ஒரு பித்தளைக் குடம் இருந்தால் கூரை எரியும். இதை எந்தப் பாதுகாப்பு விதியில் சேர்ப்பது?

கூரை ஏன் ஓலையாகவே இருந்தது என்றும் கேட்கவேண்டும். கொங்கில் பண்ணாடியின் தோட்டத்துச் சாளையில் கிடந்த அருந்ததியர் குடும்பத்துக்கு அடிமண் சொந்தமில்லை. எழுந்து போ என்றால் போகவேண்டிய இடத்தில் யார் செங்கல் அடுக்குவார்கள்? தஞ்சைச் சமவெளியின் சேரிகளிலும் கதை இதேதான்.

அங்கே கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர்கள் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு நிலவுடைமையாளர்களின் ஆட்கள் புகுந்தபோது, ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆபத்து என்றால் வீட்டுக்குள் போ என்றுதானே எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். வெளியிலிருந்து அடைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர் கருகினார்கள். தப்பிக்க இரண்டாவது வழி வைத்துக்கொள்ளுங்கள் என்கிற அறிவுரைக்கு அந்தச் சிறு குடிசையில் இடம் ஏது? 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. இவ்வளவு நிலமும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்.

அதற்கு மறுவருடம், 1974-இல், தாட்கோ பிறந்தது. இன்று நமக்கு அது கடன் விண்ணப்பம் கொடுக்கும் அலுவலகம். தொடங்கியபோது அதற்கு இட்ட வேலையோ ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவது. அந்தச் சொல்லை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சேரி எரியும் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. எரிப்பவனைத் தடுப்பதைவிடக் கூரையை மாற்றுவது சுலபம் என்று தோன்றியிருக்கலாம். இருந்தாலும் அதை நாம் குறைசொல்ல மாட்டோம். கான்கிரீட் கூரை தீப்பொறியிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் காத்தது, மழையிலிருந்தும்தான்.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் அதன் அருகே அண்ணா நகர், கொண்டம்பட்டியிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணம் காரணம் ஆனது. அங்கே பல வீடுகள் கான்கிரீட். பெங்களூருக்குப் போய் உழைத்த காசில் எழுந்தவையும் உண்டு. கூரை எரியாது என்பதால் உள்ளே பெட்ரோல் குண்டு வீசினார்கள். பீரோ, பைக், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் சாம்பல். உதவி வந்துசேராதபடி சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மக்கள் காட்டுப்பக்கம் ஓடியதால் உயிர் தப்பினார்கள். வெண்மணியில் வீட்டுக்குள் போனவர்கள் செத்தார்கள். நத்தத்தில் வீட்டை விட்டு ஓடியவர்கள் பிழைத்தார்கள்.

நம் பக்கத்து மேட்டுப்பாளையம் நடூரில் நெருப்புகூடத் தேவைப்படவில்லை. 2019 டிசம்பர் 2 விடியுமுன், பக்கத்து மனையின் உயரமான மதில் மழையில் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றது.

ஆகவே துண்டறிக்கையோடு இதையும் வீட்டில் ஒட்டி வையுங்கள். சாதி வெறியோடு குடியிருப்புக்குத் தீ வைத்து அழித்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(2)(iv)-இன்படி ஆயுள் தண்டனை. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து இழப்பைக் கணக்கிட வேண்டும். எரிந்த வீட்டுக்குப் பதிலாக அரசுச் செலவில் செங்கல் அல்லது கல் வீடு தரவேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. முதல் தகவல் அறிக்கையில் மின்கசிவு, விபத்து என்று எழுதிவிட்டால் இதில் எதுவும் கிடைக்காது. தீ அணைந்ததும் சாம்பலைக் கூட்டாதீர்கள். முதலில் படம் எடுங்கள், புகாரில் பிரிவைக் குறிப்பிடுங்கள், நகல் வாங்காமல் காவல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.