ஒட்டுத்துணித் தையல்

வெட்டி மிஞ்சிய சிறு துணிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போர்வை, விரிப்பு, பை, தொங்கல், பொம்மை முதலியவற்றைக் கையால் தைத்தெடுக்கும் கலை ஒட்டுத்துணித் தையல் எனப்படும். தையற்கடைகளில் பிட்டுத் துணி என்றும் வெட்டுத் துணி என்றும் ஒதுக்கி மூட்டை கட்டும் துண்டுகளே இதற்கு மூலப்பொருள். இதை இன்று பலரும் 'பேட்ச்வொர்க்' என்கிறார்கள். அதில் காகிதத்தை அச்சாக வைத்து, துணியை அதன் மேல் மடித்துத் தைக்கும் முறைக்கு 'இங்கிலீஷ் பேப்பர் பீசிங்' என்ற பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது. பெயர் அப்படியிருந்தாலும், இங்கிலாந்தில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வை இந்தியத் துணியால் ஆனது. இந்தக் கலையின் வரலாற்றை நம் கரையிலிருந்து சொல்லத் தொடங்குவதற்கு அதுவே போதிய காரணம்.

திருவனந்தபுரத்தின் ஆரியசாலையில் இந்தத் தையல் பிறக்கவில்லை. ஆனால் ஊசியும் நூலும் எந்த வழியாக வந்தன என்று பார்த்தால், அந்த வழி ஆரியசாலையைத் தொட்டே செல்கிறது. 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. ஆரியசாலையை ஒட்டி திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவுக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தமிழ் வணிகர்கள் வந்து குடியேறினார்கள். இன்றும் ஆண்டுதோறும் நவராத்திரிக்கு வேளிமலை முருகனான குமாரசுவாமி அதே வழியில் புறப்பட்டு வந்து, ஆரியசாலை தேவி கோயிலில் தங்குகிறார். தென்திருவிதாங்கூரில் ஐரோப்பிய ஊசி வேலை முதலில் காலூன்றிய நாகர்கோவில் அந்த வழியின் தெற்கு முனையில் இருக்கிறது.

முன்வரலாறு

துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதற்கு இந்தியா யாரிடமும் பாடம் கேட்கவில்லை. பௌத்தத் துறவியரின் சீவரம் துண்டுகளை இணைத்துத் தைத்த ஆடை. மகத நாட்டு வயல்களின் வரப்பமைப்பைப் பார்த்து, அதே போல் ஆடையை அமைக்குமாறு புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநய நூல் கூறுகிறது. எறிந்த கந்தலைப் பொறுக்கி உடுத்துவது துறவின் அடையாளம். விற்கவும் திருடவும் பயனற்றதாகத் துணி துண்டுபட்டிருக்க வேண்டும் என்பது அதிலுள்ள நுட்பம். வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, வட கர்நாடகத்தின் காட்டோரங்களில் வாழும் சித்தி மக்களின் கவந்தி ஆகிய மூன்றும் பழந்துணியை அடுக்கி ஓட்டுத் தையலால் பிணைப்பவை. கவந்தி தைக்கும் பெண்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகிறார்கள். நான்கு மூலையிலும் பூ என்று ஒரு சிறு மடிப்புத் துணியை வைத்துத் தைக்காமல் போர்வை முடிந்ததாக அவர்கள் கருதுவதில்லை.

தமிழகத்தில் இதற்கு ஈடான பெருங்கலை தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தின் கோயில் துணிவேலை. தேரிலும் மண்டபத்திலும் உருளை வடிவில் தொங்கும் தொம்பை, சுவாமிக்கு மேலே கட்டும் மேற்கட்டி, வாசல் தோரணம் ஆகியவற்றில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளை யாளியாகவும் கிளியாகவும் தாமரையாகவும் வெட்டி, அடித்துணியின் மேல் வைத்துத் தைப்பார்கள். இதில் ஒரு முரண் உண்டு. சடங்குக்கு நாம் தேடுவது வெட்டுப்படாத, தைக்காத கோடித் துணி. 'ஒட்டுப் போட்ட சட்டை' என்றால் வறுமை என்றே பொருள். ஆனால் தெய்வம் ஏறும் தேரை அலங்கரிப்பது முழுக்க முழுக்க ஒட்டுத் துணி. வீட்டில் ஒட்டை மறைத்த கை கோயிலில் அதை ஊரறியத் தொங்கவிட்டது. இங்கே இந்தக் கலை வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காக வளராமல் தொழில் தெரிந்த தையற்காரர் கையிலேயே நின்றதற்கு இந்த மனத்தடையே காரணம் என்று கருத இடமுண்டு. வீட்டில் மிஞ்சியவை சுருக்குப் பையும், பழைய நூல் புடவையை மடித்துக் குழந்தைக்குத் தைத்த விரிப்பும்தான்.

சோழமண்டலத் துணியும் இங்கிலாந்தின் தடையும்

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பா சீட்டித் துணிக்கு மயங்கியது. மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை, சோழமண்டலக் கரையில் கைவண்ணமாகத் தீட்டிய பருத்தித் துணி அது. கரையோர மணலில் விளைந்த சாயவேரிலிருந்து சிவப்பும் அவுரியிலிருந்து நீலமும் எடுத்தார்கள். படிக்காரத்தால் நிறத்தை நூலில் பிடிக்கச் செய்தார்கள். நிறம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடினார்கள். துவைக்கத் துவைக்க வெளுக்காமல் பளிச்சென்று நிற்கும் பூத்துணியை அதற்கு முன் ஐரோப்பியர் கண்டதில்லை. மேற்குக் கரையிலும் வாணிகம் நடந்தது. ஆற்றிங்கல் ராணியிடம் இடம் பெற்று ஆங்கிலேயர் அமைத்த அஞ்சுதெங்குப் பண்டகசாலை மிளகோடு துணியையும் அனுப்பியது. பருத்தித் துணிக்கு அவர்கள் வைத்த 'காலிக்கோ' என்ற பெயரே கோழிக்கோட்டிலிருந்து எடுத்ததுதான்.

இந்தத் துணியால் தங்கள் பிழைப்பு போகிறது என்று இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டுவிட்டது. இங்கிலாந்தில் அச்சிட்ட இந்தியத் துணியை உள்நாட்டில் விற்க 1701-ல் தடை வந்தது. அதுவும் போதாமல் 1719-ல் லண்டன் தெருக்களில் காலிக்கோ உடுத்திய பெண்களைத் துரத்தி நெசவாளர்கள் உடையைக் கிழித்தார்கள். 1721-ல் இயற்றிய சட்டம் உடுத்துவதையே குற்றமாக்கியது. அந்தத் தடை 1774 வரை நீடித்தது.

கிடைக்காத துணியின் ஒரு சாண் துண்டும் பொக்கிஷமாகும். வடமேற்கு இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் ஒரு படுக்கை விரிப்பும் திரைகளும் இருக்கின்றன. 1708-ஐ ஒட்டித் தைத்தவை என்று கருதப்படும் அவையே பிரிட்டனில் எஞ்சிய மிகப் பழைய ஒட்டுத்துணி வேலை. அவற்றிலுள்ள பூத்துண்டுகள் இந்தியச் சீட்டி. இத்துறையில் ஆண்டு பொறித்த மிகப் பழைய பிரிட்டிஷ் போர்வை 1718-க்குரியது. அது பட்டால் ஆனது, காகித அச்சின் மேல் தைத்தது. அந்தக் காகிதங்கள் முந்நூறு ஆண்டு கடந்தும் துணிக்குள்ளேயே இருக்கின்றன. பழைய போர்வைகளின் காகிதங்களை ஆராய்வோருக்கு அவை சிறு ஆவணக் காப்பகம். கடிதம், கடைக்கணக்கு, பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி ஏடு என்று கையில் அகப்பட்ட தாளையெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் எழுத்தறிவையும் வரவுசெலவையும் அதன் போர்வையைத் திருப்பிப் பார்த்துப் படிக்கலாம்.

அறுகோணம்

இம்முறையில் மிகுதியும் தைக்கப்படுவது அறுகோணம். அமெரிக்காவின் கோடீஸ் லேடீஸ் புக் என்ற மகளிர் இதழ் 1835-ல் இதன் அளவு வரைபடத்தை வெளியிட்டது. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என்று ஏழு அறுகோணம் சேர்ந்தால் ஒரு பூ. தேன்கூட்டைப் போல இடைவெளியே விடாமல் அவை பொருந்தும். ஆனால் ஒவ்வொரு மூலையிலும் மூன்று துண்டுகள் கூடுவதால் தையல் எந்திரத்தால் அந்தத் திருப்பங்களை எளிதாக எடுக்க முடியாது. எந்திரம் வந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் தையல் கையோடு நிற்பதற்கு அந்த மூலைகளே காரணம்.

இந்தப் பூவின் மிக உருக்கமான சான்று சிங்கப்பூரில் உருவானது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் சாங்கி சிறையில் அடைத்தார்கள். அங்கே எலிசபெத் எனிஸ் என்பவர் சிறுமிகளைக் கூட்டிச் சாரணியர் குழு நடத்தினார். அவருக்குப் பிறந்தநாள் பரிசாக, அவருக்குத் தெரியாமல், அந்தச் சிறுமிகள் கிழிந்த உடைகளின் துண்டுகளால் அறுகோணப் பூக்கள் தைத்துப் போர்வையாக்கத் தொடங்கினார்கள். அது இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறுமிகளின் போர்வையைக் கண்டு சிறையிலிருந்த பெண்களும் போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சதுரத்தில் தம் பெயரைத் தைத்து, தாம் உயிரோடிருக்கும் செய்தியை வேறு முகாமிலிருந்த கணவருக்குத் துணியிலேயே அனுப்பினார்கள்.

தென்திருவிதாங்கூரில் ஊசி

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் 1819-ல் நாகர்கோவில் வந்தார்கள். மார்த்தா தொடங்கிய பெண்கள் பள்ளியில் எழுத்தோடு ஊசி வேலையும் கற்பித்தார்கள். 1820-களில் அங்கே திண்டின் மேல் சிறு கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் லேஸ் தொழில் வேரூன்றியது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் அதைக் கற்று, கிடைத்த கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை முற்றாக ஒழித்த பிரகடனம் 1855-ல்தான் வந்தது. அதற்கு முன்பே ஊசி சிலருக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தது.

அதே பள்ளிகளின் தையல் அறைகள் இன்னொரு போராட்டத்துக்கும் துணி தைத்தன. நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்பது அன்றைய சாதிக் கட்டுப்பாடு. கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை அணியலாம் என்று 1810-களில் ஆங்கில ரெசிடெண்ட் கர்னல் மன்றோ காலத்தில் அனுமதி கிடைத்தது. மிஷனரிகளின் மனைவியர் அதற்கென்று தளர்வான ஒரு சட்டையை வடிவமைத்தார்கள். அதை அணிந்தவர்களை மேல்சாதியினர் சந்தையில் வழிமறித்துத் துணியைக் கிழித்தார்கள். தோள்சீலைக் கலகம் என்று பெயர் பெற்ற அந்த மோதல்கள் பல பத்தாண்டுகள் நீண்டன. 1859-ல் உத்திரம் திருநாள் மகாராஜா பிறப்பித்த பிரகடனம் மேலாடைக்கு வழிவிட்டது. லண்டனில் காலிக்கோவுக்காகப் பெண்களின் உடையைக் கிழித்தது வயிற்றுப்பாட்டுக் கோபம். இங்கே கிழித்தது சாதிக் கோபம், அதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்தக் கலையின் வரலாற்றில் லேஸின் அழகை மட்டும் எழுதிவிட்டு இந்தச் சட்டையை விட்டுவிடுவது பிழை.

லண்டன் மிஷனின் திருவனந்தபுரம் நிலையத்தை ஜான் காக்ஸ் 1838-ல் தொடங்கினார். ஆரியசாலைக்கு நடந்து போகும் தொலைவிலுள்ள கோட்டைக்குள் 1864-ல் அகஸ்டா பிளாண்ட்ஃபோர்ட் அம்மையார் உயர்குடிப் பெண்களுக்கென ஒரு பள்ளி திறந்தார். வெளியே வராத பெண்களுக்கு வீடு தேடிப் போய்க் கற்பித்த அக்கால மிஷன் கல்வியில் ஊசி வேலை தவறாத பாடம். கத்தோலிக்கத் தரப்பில், 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த மேரி லூயிஸ் தெ மீஸ்டர் அம்மையாரின் துறவுச் சபை அநாதைப் பெண்களுக்கு லேஸும் எம்பிராய்டரியும் கற்பித்தது. இந்தப் பள்ளிகளில் விற்பனைக்கு முதலிடம் பெற்றது லேஸ்தான். துண்டுத் துணி வேலை கைபழகவும் சிக்கனம் பழகவும் உதவும் பயிற்சியாகவே நின்றது.

இன்றைய நிலை

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தின் கைத்தறிகள் மூழ்கின. ஓணத்துக்கென்று நெய்து வைத்த சேலைகள் சேற்றில் ஊறி விற்க முடியாதவையாகின. சமூகத் தொழில்முனைவோரான லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அவற்றைக் கொளுத்தவிடாமல் வாங்கிக் கொதிநீரில் சுத்தம் செய்து, துண்டு துண்டாக வெட்டிக் கட்டி, சேக்குட்டி என்ற சிறு பொம்மையாக்கும் யோசனையைத் தந்தார்கள். ஒரு சேலையிலிருந்து 360 பொம்மை வரை வந்தது. ஒவ்வொன்றும் 25 ரூபாய்க்கு விற்றது. சேற்றுக் கறை முழுதும் போகவில்லை. அதைப் பொம்மையிலேயே விட்டார்கள். கேரளம் முழுக்கத் தன்னார்வலர்கள் கூடி உட்கார்ந்து கட்டினார்கள். எறியப்பட வேண்டிய துணிக்கு முழுச் சேலையைவிடப் பல மடங்கு விலை கிடைத்தது இந்தக் கலையின் வரலாற்றிலேயே அரிது.

ஆரியசாலையில் இந்தத் தையலைக் கற்க விரும்புபவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சாலைக் கடைத்தெருவில் நூலும் ஊசியும் கிடைக்கும். எந்தத் தையற்காரரின் காலடியிலும் பிட்டுத் துணி கிடக்கும். பதினைந்து கிலோமீட்டருக்குள் பலராமபுரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைத்துக் குடியேற்றிய சாலியர்கள் நெய்து வளர்த்த ஊர் அது. அங்கே நெய்யும் கசவு முண்டின் ஓரத் துண்டு ஒரு பூவின் நடுவில் வைக்க மிகப் பொருத்தம். பாலியெஸ்டர் கலந்த துணி மடிப்பு நிற்காமல் வழுக்கும். பருத்திதான் நல்லது. அச்சுக்குக் காலண்டர் தாள் மெலிது, ஊசி கிழித்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டை சரியான கனம்.

அட்டையை எல்லாப் பக்கமும் ஓரங்குல அளவுள்ள அறுகோணமாக வெட்ட வேண்டும். துணியைச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, அட்டை மேல் மடித்து, நீளநீளமாகக் கச்சாத் தையல் ஓட்ட வேண்டும். இப்படித் தயாரான இரண்டை நல்ல முகங்கள் உள்ளே பார்க்கச் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் துணியின் இரண்டு மூன்று இழையை மட்டும் எடுத்து, நெருக்கமாகச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி முனை அட்டையில் உரசுவது விரலுக்குத் தெரியும். அட்டையைத் துளைக்காமல் அதன் மேல் வழுக்கிப் போனால் தையல் வெளியே தெரியாது. மூலைக்கு வந்ததும் ஒரே இடத்தில் இரண்டு தையல் கூடுதலாகப் போட வேண்டும், பிரிவது அங்கேதான். ஒரு துண்டின் ஆறு பக்கமும் அண்டைத் துண்டுகளோடு இணைந்த பிறகே அதன் கச்சாவைப் பிரித்து அட்டையை உருவலாம். அதே அட்டையை இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். வெளிவரிசையின் அட்டைகளை மட்டும் ஓரப்பட்டி தைக்கும்வரை எடுக்கக் கூடாது, எடுத்தால் விளிம்பு நெளிந்துவிடும்.