லண்டனில் கிடக்கும் நம்மூர்க் கடதாசிகள்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை உயர்தர வரலாற்று வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், 85 கலவரத்தை யார் தொடங்கினது?" வகுப்பே அமைதியாகிவிட்டது. நம் வாப்பாமார் ஒரு கதை சொல்வார்கள். காரைதீவில் இன்னொரு கதை. பாடப்புத்தகம் இதில் நமக்கு உதவாது. "தேடிப் பார்ப்போம்" என்று சொல்லித்தான் அன்று தப்பினோம். அதன்பிறகு நாமும் இரண்டு மூன்று ஆசிரியர்களும் உண்மையிலேயே தேடத் தொடங்கினோம்.

தேடல் நம்மை லண்டனுக்குக் கொண்டுபோனது. ஆளாகப் போகவில்லை, நூல்கள் வழியாகவும் இணையம் வழியாகவும்தான். பிரித்தானிய அரசின் பழைய கோப்புகள் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போகின்றன. முன்பு 30 ஆண்டுகள் கழித்துத் திறந்தார்கள், இப்போது அது 20 ஆண்டுகள். ஆகவே 1985க்கும் 1990க்கும் உரிய காலம் எப்போதோ வந்துவிட்டது. நமக்கு வீட்டு முற்றத்தில் நடந்த யுத்தம், அவர்களுக்கு வெளிநாடொன்றின் கெரில்லாப் போர். மலாயா, கென்யா, வட அயர்லாந்து என்று பார்த்துப் பழகிய கண்ணால் இதையும் பார்த்தார்கள்.

பில் மில்லர் என்ற பிரித்தானியப் பத்திரிகையாளர் இந்தக் கோப்புகளைப் பல வருடம் தோண்டி, 2020இல் 'கீனி மீனி' என்ற நூலை வெளியிட்டார். கே.எம்.எஸ். என்ற கூலிப்படை நிறுவனம் பற்றியது. முன்னாள் பிரித்தானிய விசேட படையினர் நடத்திய அந்த நிறுவனம் 1984இல் இலங்கை வந்து, கட்டுக்குருந்தையில் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது. எஸ்.டி.எப். என்றால் யார் என்று அக்கரைப்பற்று வீதியில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற எவருக்கும் நாம் விளக்கத் தேவையில்லை. அந்த நிறுவனத்தின் விமானிகள் ஹெலிகொப்டர் ஓட்டியது பிரித்தானிய அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது என்பதை அவர்களுடைய கடதாசிகளே காட்டிக்கொடுத்தன. 2020இல் லண்டன் பொலிஸின் யுத்தக் குற்றப் பிரிவு விசாரணையையும் தொடங்கியது. யாரோ ஒருவர் பொறுமையாகக் கோப்புப் புரட்டியதால் வந்தது இது.

ஆனால் எல்லாம் அங்கே பத்திரமாக இல்லை. 1978 முதல் 1980 வரையான இலங்கைக் கோப்புகளில் ஏறக்குறைய 200 அழிக்கப்பட்டுவிட்டன. அந்த அழிப்பு வெளியே வந்ததும் 2018இல்தான். தகவல் கேட்டு விடாமல் எழுதியதால் வந்த பதில் அது.

இருப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமுடியாது. எழுதியவர் கொழும்பிலுள்ள ஒரு அதிகாரி. அவருக்குச் செய்தி தந்தவர்கள் அமைச்சர்கள், படை அதிகாரிகள், பத்திரிகைகள், விருந்தில் சந்தித்த ஒரு எம்.பி. 2010இல் விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கிய அமெரிக்கத் தூதரகத் தந்திகளும் அப்படித்தான். இன்னார் இன்னதைச் சொன்னார் என்பதற்கு அது சாட்சி. சொன்னது உண்மையா என்பது வேறு கேள்வி. (வாட்ஸ்அப் குழுக்களில் தந்தியின் ஒரு பந்தியை மட்டும் வெட்டிப் போடும் சகோதரர்கள் கவனிக்க.) நாம் பார்த்தவற்றில் நம் ஊர்கள் ஓரத்தில்தான் வருகின்றன.

1990 ஜூன் 11இல் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தார்கள். கல்முனையும் அதில் ஒன்று. சரணடைந்து கொல்லப்பட்டவர்களில் முஸ்லிம் பொலிஸாரும் இருந்தார்கள். ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், அடுத்த வாரம் ஏறாவூர். ஷஹீதானவர்களின் எண்ணிக்கை அறிக்கைக்கு அறிக்கை மாறுகிறது. பள்ளிச் சுவரில் சன்னத் துளைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இங்கே நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்கவேண்டி வந்தது. காத்தான்குடிக்கு ஆதாரம் தேடும் நாம், 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர்களின் வீடுகள் எரிந்ததைச் சொல்லும் தாள் கையில் வந்தால் அதையும் வாசிப்போமா? அதில் படையினரின் பங்கும் இருக்கலாம், நம்மவர் பங்கும் இருக்கலாம். ஒன்றை எடுத்து மற்றதை ஒளித்தால் அது வக்கீல் வேலை. அந்தப் பிள்ளைக்கு நாம் அதைக் கற்பிக்க முடியாது.

உள்ளூரிலும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் அரச அலுவலகத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

பழைய வரவு இடாப்பு ஒன்று நம் கையில் கிடைத்தது. 1990 ஜூன் நடுவில் அடையாளங்கள் திடீரென்று நின்றுவிடுகின்றன. காரணம் எழுதப்படவில்லை. பிறகு வரும் பக்கத்தில் சில பெயர்கள் இல்லை. இப்படியான கடதாசிகள் நம்மிடம் ஏராளம் இருந்தன. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் வீட்டோடு அவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.

மிச்சம் இருப்பவர்கள் சொல்லுங்கள். அகதி நிவாரண அட்டை, மரணச் சான்றிதழ், பள்ளிவாசல் கணக்குக் கொப்பி, எதுவானாலும் ஒரு போட்டோ எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். எந்த வருடம், யாருடைய வீட்டில் இருந்தது என்று பின்னால் எழுதி வையுங்கள். காரைதீவு, பாண்டிருப்பு நண்பர்களையும் கேட்கிறோம். அந்தப் பிள்ளை ஒரு கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் திகதி போட்டு வைத்திருக்கிறது.