இடறல்: ஒரு சொல்லின் பயணம்

'தடை' என்று நாம் ஒரே சொல்லால் சுட்டுவதைப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் பல சொற்களால் பகுத்துரைக்கின்றது. 'ப்ரோஸ்கொம்மா' என்பது காலில் இடிபடுவது. 'எங்கொப்பே' என்பது வெட்டுதல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. பாதையைக் குறுக்கே வெட்டிப்போட்டால் மழைக்காலத்தில் வண்டி நின்றுவிடும் என்பதைச் சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் உழவர் நன்கறிவர். 'ஸ்கந்தலோன்' என்பதோ பொறியில் இரை கோக்கும் குச்சியோடு உறவுடையது. தொட்டதும் பொறி விழும்.

எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், பார்வையற்றவர்முன் தடைக்கல் வைப்பதை விலக்கும் லேவியர் 19:14-இல் இச்சொல்லையே இட்டனர். இலத்தீன் அதை 'ஸ்காந்தலும்' என்று ஒலிபெயர்த்தது. நம் பழைய ஞானோபதேச வழக்கு 'துர்மாதிரிகை' என்றது. சீர்திருத்த சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு 'இடறல்' என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், மத்தேயு 16:23-இல் 'தடை' என்கின்றது.

துர்மாதிரிகை என்னும்போது நம் பார்வை தவறு செய்தவர்மீது விழுகின்றது. இடறல் என்னும்போது, விழுந்தவர்மீது திரும்புகின்றது. இந்த வேறுபாடு சிறிதன்று. 'பாறை' எனப் பெயர்பெற்ற பேதுருவே ஐந்து வசனங்கள் கடந்ததும் 'ஸ்கந்தலோன்' எனப்படுகின்றார். அவர் தீயதொன்றும் செய்யவில்லை. அன்பினால் ஆண்டவரைச் சிலுவையிலிருந்து தடுக்க முயன்றார், அவ்வளவே.

ஊரார் பழிக்கும் பெருங்குற்றங்களையே துர்மாதிரிகை என்றெண்ணி, நாம் மனநிறைவு கொள்கின்றோம். நல்லெண்ணத்தோடு பிறர் பாதையில் நாம் வைத்த கற்களை என்று எண்ணிப் பார்ப்போம்? மேய்ப்புப் பணியில் இருக்கும் நமக்கே இக்கேள்வி முதலில் உரியது.