சாவுக்கு முறையீடு இல்லை

1808-ஆம் ஆண்டு. பேக்கர் என்ற விடுதிக்காரரும் அவர் மனைவியும் ஏறிவந்த குதிரை வண்டி குடைசாய்ந்தது. அவர் காயத்தோடு தப்பினார். மனைவி ஒரு மாதம் கிடந்து இறந்துபோனார். விடுதித் தொழிலையும் சேர்ந்து சுமந்தவர் அந்த அம்மாள். வண்டி முதலாளிகள்மீது பேக்கர் இலண்டனில் வழக்குப் போட்டார். நீதிபதி எலன்பரோ பிரபு சொன்ன தீர்ப்பு அவரை உறைய வைத்திருக்கும்.

மனைவி உயிரோடு கிடந்த அந்த ஒரு மாதத்துக்கு மட்டும்தான் இழப்பீடு. மூச்சு நின்றதும் கணக்கு முடிந்தது! ஒரு மனிதரின் சாவைக் காயமாகக் காட்டி உரிமையியல் நீதிமன்றத்தில் பணம் கேட்க முடியாதாம். ஆளின் காலை ஒடித்தவன் பணம் கட்ட வேண்டும். ஆளையே கொன்றவன் கட்ட வேண்டாம். இவ்வளவு பெரிய அநியாயம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சட்டமாக நின்றது.

ஆனால் ஒரு பழைய வழக்கம் மூலையில் உயிரை விடாமல் கிடந்தது. ‘டியோடாண்ட்’ என்று பெயர். உயிரைப் பறித்த பொருளே குற்றவாளி. மாடு முட்டிக் கொன்றால் மாடு, சக்கரம் ஏறினால் சக்கரம். பொருளோ அதன் மதிப்போ அரசருக்கு, அல்லது அந்த உரிமை பெற்ற நிலப்பிரபுவுக்குப் போய்ச் சேரும். செத்தவரின் குடும்பத்துக்கு அதில் உரிமை கிடையாது. காலப்போக்கில் மரண விசாரணை ஜூரிகள் பெயருக்குச் சில ஷில்லிங் விதித்துவிட்டு எழுந்து போனார்கள். அந்த நேரத்தில் ரயில் வந்தது.

1841 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், விடிவதற்கு முன்பு. சோனிங் என்ற இடத்தில், மேட்டை வெட்டிப் போட்ட பாதையில், மழையில் சரிந்த மண்மீது ஒரு சரக்கு ரயில் மோதியது. மூன்றாம் வகுப்புப் பயணிகளைக் கூரையில்லாத பெட்டிகளில் ஏற்றி, பின்னால் கனமான சரக்கு வண்டிகளைக் கோத்திருந்தார்கள். பின்பாரம் வந்து நசுக்கியதில் அங்கேயே 8 பேர் மாண்டார்கள். நாடாளுமன்றக் கட்டட வேலையை விட்டுப் பண்டிகைக்கு ஊர் திரும்பிய கல்தச்சர்களும் அந்த ரயிலில் இருந்தார்கள். கொதித்துப்போன ஜூரி, எஞ்சின்மீதும் பெட்டிகள்மீதும் 1,000 பவுண்டு டியோடாண்ட் விதித்தது. ரயில் கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது.

டியோடாண்டை ஒழித்தாக வேண்டும் என்ற குரல் ஓங்கியது. கேம்பல் பிரபு இரண்டு மசோதாக்களோடு வந்தார்: ஒன்று டியோடாண்டை ஒழிக்க, மற்றொன்று, செத்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை கொடுக்க. 1846-இல் இரண்டும் நிறைவேறின. இரண்டாவது சட்டத்துக்குள் யாரும் எளிதில் கடந்துபோகக்கூடிய ஒரு வாசகம் இருந்தது: சாவு கொடுங்குற்றத்தால் நேர்ந்திருந்தாலும் வழக்குப் போடலாம். குற்ற வழக்கு ஒரு பாதை, இழப்பீடு வேறு பாதை என்று அங்கே பிரிந்துவிட்டது.

அதே சட்டம் 1855-இல் இந்தியாவுக்குக் கப்பலேறியது. ராயபுரத்திலிருந்து முதல் பயணிகள் ரயில் கிளம்பியதே அடுத்த ஆண்டுதான். அதன் வழிவந்ததுதான் இன்றைய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். லாரி ஓட்டுநரைச் சிறைக்கு அனுப்ப, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். தீர்ப்பாயத்திலோ, அவர் கவனக்குறைவால் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால் அவர் விடுதலையாகிப் போன பிறகும், செத்தவரின் மனைவிக்கு இழப்பீடு கிடைக்க வழி இருக்கிறது. பேக்கருக்கு அந்த வழி இருக்கவில்லை.